பத்து நிமிஷம் முந்தி ஓடும் எஸ்டேட்டும் ஒரு கத்திரிக்காய்க் கிரீடமும்

எங்கள் ஆபீஸில் தாம்பரத்தைத் தாண்டினால் வெளிநாடு. செங்கல்பட்டுக்கு ஒரு பிரின்டரைப் பார்த்துவரப் போனவனையே மூன்று பேர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஏற்காட்டுக்கு, அதையும் தாண்டி வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுக்கு, பழைய சர்வரைக் கழற்றிப் புதுசை மாட்டப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். ஸ்வெட்டர் வேண்டும் என்றார் ஒருவர். அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொள் என்றார் இன்னொருவர். மேனேஜர் மட்டும், “வெள்ளிக்கிழமையோட முடிச்சிடு. சனிக்கிழமை உனக்கு வேற இடம் இருக்கு” என்றார்.

சனிக்கிழமை நான் எங்கும் போவதாக இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இனியா அன்று காலை பள்ளி ஆண்டு விழாவில் கத்திரிக்காயாக நடிக்கிறாள்.

கதை சின்னதுதான். காய்கறிகளுக்குள் யார் ராஜா என்று சண்டை. தக்காளி ஒரு நியாயம் சொல்லும், முருங்கைக்காய் ஒரு நியாயம் சொல்லும், பூசணிக்காய் உருண்டு வந்து எல்லோரையும் இடிக்கும். கடைசியில் கத்திரிக்காய் முன்னால் வந்து, “நீங்க எல்லாரும் தேர்தல்ல நின்னு ஜெயிக்கணும். நான் பொறக்கும்போதே கிரீடத்தோட பொறந்தேன்!” என்று தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கிரீடம், அதாவது பச்சை வெல்வெட்டில் தைத்த காம்பு, எங்கள் வீட்டில் ஒரு மாதமாக அரச மரியாதையோடு வாழ்ந்து வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை சேலத்தில் இறங்கி மலை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, மலை ஏறிப் பழக்கமில்லீங்களா?” என்றார். இல்லை என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். மோந்து பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்றும் செய்யாதாம்.

மோந்து பார்த்தேன். ஆறாவது வளைவு வரை நான் மனிதன். ஏழாவதில் பழம் கையை விட்டு உருண்டு டிரைவர் காலடிக்குப் போனது. எட்டாவதில் லேப்டாப் பைக்குள் கையை விட்டு, ஏதாவது ஒரு பிளாஸ்டிக் கவர் கிடைக்காதா என்று துழாவினேன். கிடைத்தது. உள்ளே மெத்தென்று ஏதோ இருந்தது. துண்டாக இருக்கும் என்று நினைத்தேன். பார்க்க நேரமில்லை. அதற்குமேல் நடந்ததை விவரிக்க மாட்டேன். “ஜன்னல் வழியா வீசாதீங்க, ஏற்காட்டுல குப்பைத்தொட்டி இருக்குதுங்க” என்று கண்டக்டர் கறாராகச் சொன்னார். பாக்கி பன்னிரண்டு வளைவுகளும் நானும் அந்தக் கவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வந்தோம்.

பஸ் நிலையத்துத் தொட்டியில் கவரைப் போட்டுவிட்டு, வயிறு காலியான வீரத்தில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். மிளகாய் பஜ்ஜி சுடச்சுட போட்டுக்கொண்டிருந்தார்கள். பனியில் நின்று பஜ்ஜி தின்பதற்கு ஈடாக மெரினாவில் ஒன்றும் கிடையாது. அங்கே பஜ்ஜியோடு பாதி மணல் வரும். நான்காவது பஜ்ஜியைக் கடிக்கும்போது என் மனைவி சுதா அழைத்தாள்.

“கிரீடம் எங்கங்க?”

“எந்தக் கிரீடம்?”

“கத்திரிக்காய்க் கிரீடம். நீங்க டெய்லர் கடைக்குப் போறப்ப மறக்கக் கூடாதுன்னு உங்க லேப்டாப் பையில வெச்சேன். கவர்ல இருக்கும் பாருங்க.”

பாதிப் பஜ்ஜியைத் தட்டிலேயே விட்டேன். ஓடினேன். தொட்டியின் விளிம்பில் ஒரு குரங்கு உட்கார்ந்து கவரைப் பிரித்திருந்தது. பச்சையாக எதையோ வெளியே எடுத்தது, மோந்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு வீசி எறிந்தது. குரங்கே வேண்டாம் என்று எறிந்ததை என் மகள் தலையில் எப்படி வைப்பேன்?

“பத்திரமா இருக்குது. சனிக்கிழமை காலையில நானே கொண்டு வந்துடறேன்” என்றேன். பின்னால் இனியாவின் குரல் கேட்டது: “அப்பா வராம நான் மேடைக்குப் போக மாட்டேன்.”

என்னை அழைத்துப்போக எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியசாமி ஜீப்போடு வந்திருந்தார். ரைட்டர் என்றால் ஆபீஸ், கணக்கு, ஆள், கம்ப்யூட்டர், மாட்டுக்கொட்டாய் எல்லாவற்றுக்கும் பொறுப்பான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, வலது கையில் கடிகாரம். கைகொடுத்ததும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சுங்க தம்பி, வாங்க வாங்க” என்றார். அடுத்த மூன்று நாளில் அவர் என்னிடம் வேறு எதையும் அவ்வளவு தடவை சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில். அவர் மனைவி ரோஸ்லின் அக்கா அரிசியும்பருப்பும் சாதம் செய்து, நடுவில் குழி பறித்து நெய்யை ஊற்றினார். சென்னையில் இதே சாதத்தை ஒரு நட்சத்திர ஓட்டலில் கிண்ணத்தில் போட்டுக் கொத்தமல்லி தூவித் தருகிறார்கள். பேரும் மாறிவிடும், ருசியும் போய்விடும். மூன்றாவது தடவை சாதம் வைக்கும்போது அக்கா, “மூஞ்சி ஏனுங்க வாடிக் கெடக்குது?” என்றார். குரங்கு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரைட்டர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அக்கா சிரிக்கவில்லை.

“கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வருசாவருசம் மூணு ராசாவுக்கும் கிரீடம் நாந்தானுங்க தெக்கறேன். கத்திரிக்காய்க்குத் தெச்சதில்ல. ராசான்னு சொல்லிப்போட்டீங்கல்ல, பாத்துக்கலாம் உடுங்க. கொழந்தைக்குத் தலை அளவு எவ்வளவு?”

சுதாவிடம் ஜாடையாகக் கேட்டு அளவு வாங்கினேன். “எதுக்கு?” என்றாள். “சும்மாதான்” என்றேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் மகளின் தலை அளவைச் சும்மா கேட்ட ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன்.

வியாழக்கிழமை வேலை தொடங்கியது. சர்வர் அறை முன்பு மிளகு வைக்கும் அறையாம். உள்ளே போனதும் ஏழு தும்மல். பழைய சர்வர் நெற்றியில் ஆயுதபூஜைச் சந்தனம், பக்கவாட்டில் ஒரு சிலுவை ஸ்டிக்கர். எந்தப் பக்கம் பழுதானாலும் கவனிக்க ஆள் இருந்தது. வெளியே ஆபீஸில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறிலும் திரையில் ஒரே படம்: எஸ்டேட்டை ஆரம்பித்து, எப்போதோ காலமாகிவிட்ட முதலாளி, முறுக்கு மீசையோடும் ஒரு நாயோடும்.

“பெரியவருங்க” என்றாள் ஆபீஸ் கிளார்க் செல்வி. “காலையில கம்ப்யூட்டர் போட்டதும் அவரு மூஞ்சிலதாங்க முழிப்போம்.”

இந்தப் படத்தை ஆறு கம்ப்யூட்டருக்கும் அனுப்புவதுதான் குரூப் பாலிசி. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து எல்லா வகுப்புக்கும் சர்க்குலர் போகுமே, அதுதான். எல்லோரும் இந்தப் படத்தை வையுங்கள், எல்லோரும் இத்தனை மணிக்கு இதைச் செய்யுங்கள் என்று சர்வர் சொல்லும், மற்றவை கேட்கும். சர்க்குலர் போய்ச் சேரவில்லை என்றால் குரூப் பாலிசி எரர் என்று பேர். எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு முடி கொட்டியது அதனால்தான்.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றினேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து, “எல்லாத்தையும் ஒருக்கா அணைச்சுப் போடுங்க” என்றேன். போட்டார்கள். ஆறு திரையும் கருப்பு. மூலையில், பாலிசியை எடுக்க முடியவில்லை என்ற அறிவிப்பு.

“ஐயோ, பெரியவரைக் காணோமுங்க!” என்றாள் செல்வி. காபிக்கொட்டை பிரிக்கும் கூடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் நிஜமாகவே நெஞ்சில் கை வைத்தார். காலமானவரை நான் இரண்டாவது தடவை காலமாக்கியது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒயரைப் பார்த்தேன். எலி கடிக்கவில்லை. சர்வர் முகவரியைப் பார்த்தேன். சரி. சர்க்குலர் இருக்கும் ஃபோல்டரைப் பார்த்தேன். இருந்தது. அனுமதிகளைப் பார்த்தேன். எல்லோருக்கும் இருந்தது. கோட்டையில் கதவு திறந்திருக்கிறது, காவலாளி கும்பிடுகிறான், ஆனால் உள்ளே போக முடியவில்லை. சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து நோண்டினேன். செல்வி அவ்வப்போது வந்து, “பெரியவரு வந்துட்டாருங்களா?” என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் உறவுக்காரி மாதிரி கேட்டுவிட்டுப் போனாள்.

அப்போது கூரையிலிருந்து சங்கு ஊதியது. வேலை முடியும் சங்கு, ஐந்தரைக்கு ஊதும். அதுவும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஊதுகிறது. பெண்கள் கை கழுவி, தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் தற்செயலாக என் போனைப் பார்த்தேன். ஐந்து இருபது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை. ஆறு கம்ப்யூட்டரிலும் ஐந்தரை. பழைய சர்வரிலும் ஐந்தரை. இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் என் புது சர்வரில் மட்டும் ஐந்து இருபது.

தலையில் அடித்துக்கொண்டேன். சர்வருக்கு ஒரு குணம் உண்டு. சர்க்குலர் வாங்க வருகிறவனின் கடிகாரமும் தன் கடிகாரமும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், வந்தவன் போலி ஆள் என்று முடிவு செய்து விரட்டிவிடும். இங்கே பத்து நிமிஷம். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ச் சரியான நேரத்தை வைத்தேன். ஆறு திரையிலும் மீசை முளைத்தது, நாய் வந்தது. செல்வி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்ததால் கைதட்ட ஆளில்லை. நானே தட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ராகிக் களியும் கீரைக் கடைசலும் தின்றுவிட்டு, ராஜநடை போட்டு ஆபீஸுக்குப் போனேன். ஆறு திரையும் கருப்பு.

“ஏனுங்க தம்பி,” என்று ரைட்டர் சந்தோஷமாக வந்தார். “நேத்து எல்லாக் கம்ப்யூட்டரும் பத்து நிமிசம் பின்னாடி போயிருச்சுங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே காலையில வந்து ஆறையும் முன்னாடி வெச்சுட்டேனுங்க.”

விசாரித்ததில், பல வருஷமாக இது அவருடைய காலை வேலை என்று தெரிந்தது. முதலில் சுவர்க் கடிகாரம், அப்புறம் பழைய சர்வர். “பெருசு சொன்னா சின்னதெல்லாம் தானா கேட்டுக்குமுங்க. புதுப் பெருசு என்னைய உள்ள உட மாட்டேங்குது. அதான் ஒவ்வொண்ணா வெச்சேன்.” எனக்குக் கோபம் வந்தது. சென்னைக்காரனின் கோபம், காரணத்தைக் கேட்க நேரமிருக்காது. “பத்து நிமிஷம் தப்பா ஓடுற கடிகாரத்தை வெச்சுக்கிட்டு எப்படிங்க ஆபீஸ் நடத்துறீங்க? இனிமே இங்க சரியான நேரம்தான்” என்றேன்.

“சரிங்க, ஆனா பஸ்ஸு...” என்று ஆரம்பித்தார்.

கையை உயர்த்தி நிறுத்தினேன். அவர் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் சரியான நேரத்துக்கு மாற்றினேன். சர்வரைத் தவிர வேறு யாரும் நேரத்தை மாற்ற முடியாதபடி ஒரு பாலிசியையும் போட்டுப் பூட்டினேன். பெரியவர் ஆறு திரையிலும் வந்தார். “வந்துட்டாருங்க! பெரியவரு வந்துட்டாருங்க!” என்று செல்வி கத்தினாள், கூடத்திலிருந்த பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரைட்டர் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மெல்ல ஒதுங்கினார். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

மத்தியானம் ரோஸ்லின் அக்கா கிரீடத்தைக் கொண்டு வந்தார். காபி நாற்றுக்கு மேலே கட்டும் பச்சை நிழல்வலையில் ஐந்து இதழ், உள்ளே பனியன் துணி, உச்சியில் சணல் கயிறு சுற்றிய வளைந்த காம்பு. நிஜக் கத்திரிக்காயே வெட்கப்படும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால் சூப்பர்க்கா என்று மட்டும் சொன்னேன். தலைக்கு வைத்துப் பார்க்க ஆள் வேண்டுமே, என் தலையில் வைத்தார்கள். கூடத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சுதாவுக்கு வீடியோவில் காட்டி உண்மையைச் சொன்னேன். எட்டாவது வளைவுக்குத் திட்டினாள், குரங்குக்குச் சிரித்தாள், கிரீடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள். “சரி, அதைப் போட்டுக்கிட்டே வராதீங்க” என்றாள். அதற்குள் போனில் சார்ஜ் செத்துவிட்டது; மலையில் கரண்ட் மத்தியானமே போயிருந்தது, கம்ப்யூட்டர்கள் மட்டும் ஜெனரேட்டரில் ஓடின.

எனக்குச் சேலத்தில் ஒன்பதரைக்கு ரயில். “சங்கு ஊதுனதும் எங்களோடவே வாசலுக்கு வந்துருங்க, பஸ்ஸு சரியா இருக்கும். ஏற்காட்டுல எறங்கி வேற பஸ்ஸு மாறிக்கலாம்” என்று செல்வி சொல்லியிருந்தாள். சங்கு ஊதியது. பையையும் கிரீடத்தையும் எடுத்துக்கொண்டு, சரியான நேரத்தை நிலைநாட்டிய பெருமிதத்தில் பெண்களோடு வாசலுக்கு நடந்தேன். போகும்போதே தூரத்து வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. ஒரு ஹாரன் அடித்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது.

ஏழு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நேத்து வரைக்கும் நாங்க வந்து நிக்கறப்பதாங்க பஸ்ஸு வரும்” என்றாள் செல்வி. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆகும், இருட்டினால் ரோட்டில் காட்டெருமை நிற்கும் என்றார்கள். ரைட்டர் வந்து, காலையில் நான் கேட்காமல் விட்டதைச் சொன்னார். பஸ் ஐந்தரைக்கு வாசலைத் தாண்டும். வேலையும் ஐந்தரைக்குத்தான் முடியும். பெரியவர் காலத்தில் பஸ்ஸைப் பத்து நிமிஷம் தள்ளிவிடச் சொல்லிக் கேட்டார்களாம், பஸ்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஐந்து இருபதுக்கு வேலையை முடிக்கப் பெரியவருக்கு மனசு வரவில்லை. சரி, பஸ் நகராது, வேலை நகராது, கடிகாரத்தை நகர்த்து என்று உத்தரவு போட்டுவிட்டார்.

“காலையில பத்து நிமிசம் முன்னாடி வர்றாங்க, சாயங்காலம் பத்து நிமிசம் முன்னாடி போறாங்க. யாருக்கும் நட்டம் இல்லீங்களே” என்றார் ரைட்டர்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக, மேடைக்குப் பின்னால் கிரீடம் இல்லாமல் நிற்கும் ஒரு கத்திரிக்காய் கண்முன் வந்தது. ரைட்டர் வண்டி எடுக்கப் போன இடைவெளியில் நான் சர்வர் அறைக்கு ஓடினேன். தும்மிக்கொண்டே, இன்டர்நெட்டிடம் நேரம் கேட்காதே என்று சர்வருக்குச் சொல்லிவிட்டு, அதன் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளினேன். ஆறு கம்ப்யூட்டரும் பெருசு சொன்னதைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தன. எரர் இல்லை. பெரியவர் அசையவில்லை. சர்வருக்கு நேரம் சரியா தப்பா என்பது முக்கியமே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தைச் சொன்னால் போதும். இது எனக்கு வியாழக்கிழமையே தெரியும். தெரிந்தும் திமிராகத் திரிந்தேன்.

காபி மூட்டை ஏற்றும் சின்ன டெம்போவில் ரைட்டர் ஓட்ட, நான் முன்னால், பெண்கள் பின்னால் மூட்டைகளோடு. என்னால் பஸ்ஸை விட்டவர்களை முதலில் வீடு சேர்க்க வேண்டும் என்பதில் ரைட்டர் உறுதியாக இருந்தார். நியாயம்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், “ஊட்டுக்கு வந்துட்டு ஒரு வாய் காபி குடிக்காமப் போறீங்களே” என்று ஒரு பஞ்சாயத்து. ஒரு வீட்டில் கொய்யா, ஒரு வீட்டில் பட்டர் ஃப்ரூட், ஒரு வீட்டில் பாதிப் பலாப்பழம். பஸ்ஸைத் தவறவிட வைத்தவனுக்குச் சென்னையில் வேறு மாதிரி உபசாரம் கிடைத்திருக்கும்.

வாரக் கடைசி, மெயின் ரோடு முழுக்க மேலே வரும் டூரிஸ்ட் வண்டிகள். “குப்பனூர் வழியா எறங்கிரலாமுங்க” என்று ரைட்டர் திருப்பினார். அந்த ரோட்டில் டூரிஸ்ட் இல்லை, காட்டெருமை இருந்தது. நடு ரோட்டில், அசை போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்தும் பார்க்காமலும். ரைட்டர் ஹாரன் அடிக்கவில்லை. விளக்கைக் குறைத்துவிட்டு, “நேரமாகுது சாமி, கொஞ்சம் தள்ளுங்க” என்று தணிந்த குரலில் கெஞ்சினார். அதற்கு எந்தக் கடிகாரமும் இல்லை. அது போன பிறகு அவர் மிதித்த மிதியில் பலாப்பழம் என் மடிக்கு வந்தது. எட்டாவது வளைவு ஞாபகத்துக்கு வந்தது, இந்தத் தடவை கிரீடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சேலம் ஸ்டேஷன் வாசலில் நின்றதும் அவர் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். எஸ்டேட் நேரம் பத்து நிமிஷம் முன்னால், கழித்தேன். ஒன்பது முப்பத்தைந்து. ரயில் போய்விட்டது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மடியில் கிரீடம், பக்கத்தில் பலாப்பழம். அழுகை வந்தது, அழுதேன். “சரியான நேரம் சரியான நேரம்னு குதிச்சேன். இப்ப எம்பொண்ணு மேடை ஏற மாட்டாளுங்க” என்றேன். பக்கத்தில் தட்டுவடை செட் விற்றுக்கொண்டிருந்தவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, எதுக்கு உக்காந்துட்டீங்க? எந்திரிங்க, ஓடுங்க!” என்றார் ரைட்டர்.

“ரயில் போயிடுச்சுங்க. உங்க வாட்சுல பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்துட்டேன்.”

“ஐயோ, பத்து இல்லீங்க, இருபது! சுவத்துல இருக்கறது எஸ்டேட் நேரம். எல்லாருக்கும் முன்னாடி நான் வந்து கதவைத் தொறக்கோணுமில்ல? அதனால என் கையில அதுக்கும் பத்து நிமிசம் முன்னாடி. இது ரைட்டர் நேரமுங்க!”

தலையைத் தூக்கி ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபத்தைந்து. பையை அவர் தூக்கினார், பலாப்பழத்தைத் தட்டுவடைக்காரர் தூக்கினார், கிரீடத்தை நான் தூக்கினேன். பிளாட்பாரத்தில் எங்கள் மூவரையும் பார்த்து ஒரு போர்ட்டர் வழிவிட்டார். ரயில் நகரத் தொடங்கியபோது ரைட்டர் ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார்.

“அது இருபது நிமிசம் முன்னாடின்னு எனக்கே தெரியுமுங்க தம்பி. தெரிஞ்சாலும் அதைப் பாத்தாத்தான் காலு வேகமா மிதிக்குது” என்றார்.

சனிக்கிழமை காலை பள்ளி அரங்கத்துக்கு நேராகப் போனேன். முகம்கூடக் கழுவவில்லை, உடம்பெல்லாம் காபியும் பலாவும் மணத்தது. விழா வழக்கம்போல ஒரு மணி நேரம் தாமதம். மேடைக்குப் பின்னால் போகப் பெற்றோருக்கு அனுமதி இல்லை என்றார்கள். கதவிடுக்கில் கிரீடத்தை நீட்டினேன், ஊதா நிறக் கை ஒன்று வந்து வாங்கிக்கொண்டது. டீச்சர் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். எஸ்டேட்டில் என்றேன்.

தக்காளி பேசியது. முருங்கைக்காய் வசனத்தை மறந்து அழுதது. பூசணிக்காய் எல்லோரையும் இடித்து ஏகப்பட்ட கைதட்டல் வாங்கியது. கத்திரிக்காய் நிழல்வலைக் கிரீடத்தோடு முன்னால் வந்து, மைக்கைப் பிடித்து, “நீங்க எல்லாரும் தேர்தல்ல நின்னு ஜெயிக்கணும். நான் பொறக்கும்போதே...” என்று ஆரம்பித்தது. அப்போது இரண்டாவது வரிசையில் கசங்கிய சட்டையோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டது. ராஜா யார் என்ற கேள்வி அத்தோடு காற்றில் போனது.

“அப்பா வந்துட்டாரு!” என்று மைக்கிலேயே கத்தியது கத்திரிக்காய்.